ஒரு துளி சாட்சி – 9: மனைவியின் பெயரில் வந்த பெட்டி

சென்ற வாரம் ஒரு பையின் ஜிப் திறக்கும் இடத்தில் நிறுத்தியிருந்தோம்.

நாள், 2021 ஆகஸ்ட் 5. இடம், கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி ஒன்றியத்தில் உள்ள சாமனப்பள்ளி. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தது இந்த ஊரில்தான். விழா முடிந்து, வந்த கார்களெல்லாம் திரும்பிப் போன பிறகு ஊரோடு தங்கியது அந்தப் பை. மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து தேர்வான சுகாதாரத் தன்னார்வலர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

ஜிப்பைத் திறந்தால், பிரஷர் பார்க்கும் மிஷின் ஒன்று. சுகர் பார்க்கும் மிஷின் ஒன்று. ஸ்ட்ரிப் டப்பா, ஊசி, பஞ்சு, ஒரு மாதத்துக்கான மாத்திரை.

பிரஷர் மிஷினின் கதை தனி. இந்த வாரம் சுகர் மிஷினை மட்டும் கையில் எடுத்துக்கொள்வோம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விரலில் ஒரு குத்து, ஸ்ட்ரிப்பின் நுனியில் ஒரு துளி ரத்தம், சில விநாடிகளில் திரையில் ஓர் எண். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, "எவ்வளவும்மா காட்டுது?" என்று கேட்கிறார். சூளகிரிப் பக்கம் அதே கேள்வி தெலுங்கிலும் கன்னடத்திலும் வரும். எந்த மொழியில் கேட்டாலும் பதில் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

தன் ரத்தத்தின் சர்க்கரை அளவைத் தானே தெரிந்துகொள்ள ஒரு நோயாளியை அனுமதிக்கலாமா? ஐம்பது வருஷங்களுக்கு முன்னால் மருத்துவ உலகம் இதற்குச் சொன்ன பதில், கூடாது என்பதுதான். அந்தக் கதவைத் தட்டியவர் டாக்டர் அல்ல. ஓர் என்ஜினியர்.

*

1969 அக்டோபர். நியூயார்க்கில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் ஒரு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வயது 35. பன்னிரண்டு வயதிலிருந்து சர்க்கரை நோய். தினமும் இன்சுலின். டாக்டர்கள் சொன்னதையெல்லாம் தவறாமல் செய்தும் உடம்பு உள்ளுக்குள் சரிந்துகொண்டிருந்தது. சிறுநீரில் புரதம் இறங்கத் தொடங்கியிருந்தது. அதன் பொருள் அவருக்குத் தெரியும்: சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கிறது.

அந்தக் காலத்தில் சர்க்கரை நோயாளியிடம் இருந்த ஒரே அளவுகோல் சிறுநீர். பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டு விட்டுச் சூடாக்குவார்கள். நீலம் அப்படியே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறி செங்கல் நிறத்துக்குப் போனால் நிறைய. 1941-ல் கிளினிடெஸ்ட் மாத்திரை வந்து அடுப்பு வேலையை மிச்சப்படுத்தியது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம்.விஸ்வநாதன் 1948-ல் சர்க்கரை நோய்க்கெனத் தனி கிளினிக் தொடங்கியபோதும் அன்றாடக் கண்காணிப்பு என்றால் இந்த நிற விளையாட்டுதான்.

இதில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் அது சிறுநீரில் வழியும். அதற்குக் கீழே 170 இருந்தாலும் நீலம்தான், 40 இருந்தாலும் நீலம்தான். 170-ல் இருப்பவர் எழுந்து வேலைக்குப் போவார். 40-ல் இருப்பவர் மயங்கி விழுவார். இருவருக்கும் சோதனைக் குழாய் ஒரே பதிலைச் சொன்னது. அந்தப் பதிலும் பல மணி நேரம் பழையது. இத்தனை காலம் இன்சுலின் போட்டவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டினார்கள் என்றே சொல்வேன்.

விளம்பரத்தில் இருந்தது வேறு வகைப் பொருள். இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரில் இருந்த ஏம்ஸ் கம்பெனி, 1960களின் நடுவில் டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் என்ற ஸ்ட்ரிப்பைக் கொண்டுவந்திருந்தது. அதில் ஒரு சொட்டு ரத்தம் வைத்து, ஒரு நிமிடம் காத்திருந்து, தண்ணீரில் கழுவினால் நீலச் சாயல் தெரியும். அட்டையில் அச்சிட்ட நிறங்களோடு அதை ஒப்பிட வேண்டும். ஒரு நர்ஸுக்கு 150 என்று தெரிவது இன்னொருவருக்கு 200 என்று தெரியும். அதே கம்பெனியின் ஆன்டன் கிளெமன்ஸ் அந்த நிறத்தைப் பார்க்கும் வேலையைக் கண்ணிடமிருந்து எடுத்து ஒளியிடம் கொடுத்தார். ஸ்ட்ரிப்பில் வெளிச்சம் பாய்ச்சி, எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து, முள்ளால் காட்டும் ஒரு பெட்டி. எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. விலை பல நூறு டாலர்.

அது நோயாளிக்காகச் செய்த பெட்டியே அல்ல. இரவில் ஆய்வகம் பூட்டிய பிறகு நினைவிழந்து வருகிறவர் குடித்திருக்கிறாரா, சர்க்கரையால் மயங்கினாரா என்று அவசரப் பிரிவு கண்டுபிடிப்பதற்காகச் செய்தது. மருத்துவமனைக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் விற்பார்கள். பெர்ன்ஸ்டீன் பணம் வைத்திருந்தார். கருவியை இயக்கும் அறிவும் வைத்திருந்தார். டாக்டர் பட்டம் மட்டும் இல்லை.

ஆனால் அவர் மனைவி ஆன் ஒரு மனநல மருத்துவர்.

ஆர்டர் அவர் பெயரில் போனது. பெட்டி வந்து சேர்ந்தது.

*

பெர்ன்ஸ்டீன் ஒரு நாளைக்கு ஐந்து முறை விரலைக் குத்திப் பார்த்தார். வந்த எண்கள் அவரையே உலுக்கின. ஒரே நாளில் 40-க்குக் கீழே இறங்கி 400-க்கு மேலே ஏறியது சர்க்கரை. அதுவரை நாளுக்கு ஒரு ஊசியில் இருந்தவர், மருந்தைப் பிரித்துப் போட்டார். சாப்பாட்டை மாற்றினார். மாற்றியதன் விளைவை அன்றே அளந்தார். சில ஆண்டுகளில் சிறுநீரில் புரதம் இறங்குவது நின்றுவிட்டது என்று அவரே எழுதியிருக்கிறார்.

இதைக் கட்டுரையாக எழுதி மருத்துவ இதழ்களுக்கு அனுப்பினார். நிராகரித்தார்கள். டாக்டர் அல்லாத ஒருவர் எழுதியதை யார் படிப்பார்? அதற்கு அவர் செய்த காரியம்தான் இந்தத் தொடரிலேயே எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். நாற்பதைத் தாண்டிய வயதில் வேலையை விட்டுவிட்டு ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவராகச் சேர்ந்தார். 1983-ல் டாக்டராக வெளியே வந்தார். சிறுவயதிலேயே சர்க்கரை வந்தவர் அதிக நாள் தாங்க மாட்டார் என்று நம்பிய காலத்தில் பிறந்த அந்த மனிதர், 2025 ஏப்ரலில் தன் 90-ஆவது வயதில் காலமானார்.

வீட்டில் சுகர் பார்ப்பது 1980களில் மெல்ல மெல்ல வழக்கமானது. ஆனால் ஒன்றரைக் கிலோ பெட்டியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு சாமனப்பள்ளித் தெருக்களில் நடக்க முடியாது. பெட்டி சுருங்க வேண்டும். அதைச் சுருக்கியதில் ஒரு பூஞ்சைக்குப் பங்கு உண்டு.

*

ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர். ஈர வெங்காயத்தில் கறுப்பாகப் பூக்கும் அந்தப் பூஞ்சையேதான். அதிலிருந்து குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியைப் பிரித்தெடுக்கலாம். ரத்தத்தில் எத்தனை வகைப் பொருள்கள் கலந்திருந்தாலும் இந்த நொதி குளுக்கோஸைத் தேடிப் பிடித்து அதனிடமிருந்து எலக்ட்ரான்களைப் பறித்துக்கொள்ளும். 1962-ல் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் இந்த நொதியை ஒரு மின்முனையின் மேல் சவ்வுக்குள் வைத்து, நொதி செலவழிக்கும் ஆக்சிஜனை அளந்தால் குளுக்கோஸ் அளவு தெரியும் என்று எழுதினார்கள். நிறமும் வெளிச்சமும் தேவையில்லை, மின்சாரமே சொல்லிவிடும் என்பது இதன் சாரம். இன்று உடம்பில் ஒட்டிக்கொள்ளும் பெரும்பாலான சுகர் சென்சார்களுக்கும் மூல வேர் அந்தக் கட்டுரை.

பிறகு இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டு, ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஆக்சிஜனையும் கழற்றிவிட்டார்கள். நொதி பறித்த எலக்ட்ரானை மின்முனைக்குச் சுமந்து வர ஃபெர்ரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தைத் தரகனாக வைத்தார்கள். 1987-ல் பேனா அளவில் எக்ஸாக்டெக் வெளிவந்தது. தன்னார்வலரின் பையில் இருக்கும் மிஷின் அந்த வம்சத்தில் வந்ததுதான்.

அடுத்து, குத்திப் பார்க்கும் வேலையையே விட்டுவிடும் முயற்சி. தோலுக்கடியில் மயிரிழை போன்ற ஒரு சென்சாரை வைத்து, திசுக்களுக்கு இடையே ஊறும் நீரில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பது. ஒரு நாளைக்கு 288 அளவுகள். 1999-ல் மினிமெட் கம்பெனியின் இப்படியொரு கருவிக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. மூன்று நாள் அணிந்திருக்கலாம்.

ஆனால் அணிந்திருந்தவருக்கு எண் தெரியாது! மூன்று நாள் கழித்து டாக்டரிடம் போய்க் கருவியைக் கொடுத்தால், அவர் கம்ப்யூட்டரில் இறக்கிப் பார்ப்பார். பெர்ன்ஸ்டீன் கதவைத் தட்டி முப்பது வருஷம் ஆகியும் கதவு மறுபடி சாத்தப்பட்டிருந்தது. அணிந்திருப்பவரே பார்க்கும் கருவிகள் பிறகுதான் வந்தன. 2018-ல் எவர்சென்ஸ் என்ற சென்சாரைக் கைத்தோலின் கீழே சிறு கீறலிட்டுப் புதைத்தார்கள். 90 நாள் உள்ளேயே இருந்தது. 2024-ல் அந்த 90 நாள் ஒரு வருஷமாக நீண்டது.

*

இனி சூளகிரிக்குத் திரும்புவோம். எண் கைக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழ மாவட்டம். பருவத்தில் மாங்கூழ் ஆலைகளில் பகல் இரவு வேலை நடக்கும். பழம் உரித்த கையைக் கழுவாமல் விரலைக் குத்தினால், மிஷின் ரத்தத்தோடு சேர்த்துத் தோலில் ஒட்டிய பழச்சாற்றையும் அளந்துவிடும். நல்ல நிலையில் இருப்பவருக்கும் அளவு எகிறும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது போதாது, தண்ணீரில் கழுவித் துடைத்துக் காயவிட வேண்டும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் பழம் உரித்துப் பார்த்தே நிறுவியிருக்கிறார்கள். நல்ல மிஷினுக்கே சர்வதேசத் தரம் நூறுக்கு மேல் 15 சதவீதம் முன்பின் இருக்க இடம் தருகிறது. 200 என்று காட்டினால் அது 170 ஆகவும் இருக்கலாம், 230 ஆகவும் இருக்கலாம். இந்த நுணுக்கமெல்லாம் தெரிந்த ஒரு பெண் வாசலில் நிற்பது சின்ன விஷயமல்ல.

அதைவிடப் பெரியது அவர் அடுத்த மாதமும் வருவது. 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த ஸ்டெப்ஸ் என்ற சுகாதார ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 10.8 சதவீதம்தான். பிரஷரில் 7.3. ஆஸ்பத்திரி இல்லாததால் வந்த நிலை அல்ல இது. விடிவதற்குள் கொத்தமல்லிக் கட்டோடு சந்தைக்குப் போகிறவருக்கும், ஷிப்ட் பஸ் பிடித்து ஓசூர் சிப்காட்டுக்குப் போகிறவருக்கும், ஆரம்ப சுகாதார நிலைய வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போகும். மாத்திரை தீர்ந்த மாதம் அப்படியே விட்டுவிடுவார்கள். மாத்திரையே வீட்டுக்கு வந்த பிறகு எடுத்த அடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வில் சர்க்கரைக் கட்டுப்பாடு 16.7 சதவீதம், பிரஷர் 17. இன்னும் போக வேண்டிய தூரம் மிக அதிகம். ஆனாலும் இந்த ஏற்றத்தில் மிஷினைவிடத் தன்னார்வலரின் கால்களுக்கே பங்கு அதிகம் என்று நான் நம்புகிறேன். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருதும் கிடைத்தது.

ஓசூர்ப் பக்கத்து இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டனால் ஓசூர் கைக்கடிகார ஊர் ஆனது. இப்போது கடிகாரத்தின் அடியில் பச்சை வெளிச்சம் மினுக்குகிறது. ரத்தம் பச்சையை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பி வரும் வெளிச்சம் குறைந்து கூடும். அதிலிருந்து நாடித் துடிப்பை எண்ணலாம். இது உண்மையான அளவு. ஆனால் குத்தாமலே சுகர் காட்டுகிறோம் என்று சொல்லிச் சில வாட்சுகளும் மோதிரங்களும் ஆன்லைனில் விற்கின்றன. தானே அப்படி அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி அம்மாவுக்கு இன்சுலின் கூட்டிப் போட்டால் உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து செய்யாதீர்கள்.

*

தன்னார்வலர் விரல் துளியில் இன்றைய சர்க்கரையைப் பார்த்துவிட்டார். ஆனால் பத்து வருஷச் சர்க்கரை அந்தப் பாட்டியின் கண்ணுக்குள் என்ன செய்து வைத்திருக்கிறது என்று அந்தத் துளி சொல்லாது. விழித்திரையின் நுண்குழாய்கள் கசியத் தொடங்கினாலும் பார்வை வெகுநாள் தெளிவாகவே இருக்கும். மங்கும்போது பல நேரம் தாமதமாகிவிடும். விழித்திரையைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும். படம் பிடிப்பது எளிது. படித்துச் சொல்லும் டாக்டர் ஒவ்வொரு ஊருக்கும் கிடைக்க மாட்டார்.

1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயணா நேத்ராலயா. இந்த மூன்றின் விழித்திரைப் படங்களும் அமெரிக்கப் படங்களும் சேர்ந்து 1,28,175 படங்கள் கூகுள் ஆய்வாளர்களின் கணினிக்குள் போயின. 54 கண் மருத்துவர்கள் அவற்றைத் தரம் பிரித்துக் கொடுத்தார்கள். 2016 டிசம்பரில் முடிவு வெளியானது. விழித்திரைக் கசிவைக் கண்டுபிடிப்பதில் கணினி, தேர்ந்த டாக்டர்களுக்குச் சமமாக நின்றது.

அதோடு நின்றிருந்தால் இது ஒரு நல்ல செய்தி, அவ்வளவுதான்.

ஆனால் 2018-ல் அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் விழித்திரைப் படங்களைக் கணினியிடம் கொடுத்து வேறொரு கேள்வி கேட்டார்கள்: இந்தக் கண் ஆணுடையதா, பெண்ணுடையதா?

நாற்பது வருஷம் விழித்திரை பார்த்த மருத்துவரிடம் கேட்டாலும், படத்தை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது என்பார். எங்கே பார்க்க வேண்டும் என்று கணினிக்கும் யாரும் காட்டித்தரவில்லை. காட்டித்தர யாருக்கும் தெரியாது.

கணினி பதில் சொன்னது. ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் சரியாக.

மனிதக் கண்ணுக்குத் தெரியாத எதை அது அந்தப் படத்தில் பார்த்தது?

(தொடரும்)