தேத்தண்ணி வந்த வழி



"டீ" என்றால் நாகரிகம், "தேத்தண்ணி" என்றால் தோட்டத்துப் பேச்சு என்று நம் பிள்ளைகள் சிலர் கூச்சப்படுகிறார்கள். வரலாறு வேறு கதை சொல்கிறது, கேளுங்கள்.

சீனத்து ஹொக்கியன் மக்கள் வாயில் இது "தே". 17ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர் சரக்கோடு சொல்லையும் கப்பலேற்றினர். பிரெஞ்சில் "தே", ஜெர்மனில் "டே" ஆயிற்று. மக்காவ் வழியாக வாங்கிய போர்த்துகீசியர் "ஷா" என்றனர். ஆங்கிலேயரும் முன்பு "டே" என்றே சொல்லிவந்தனர். 18ஆம் நூற்றாண்டில்தான் ஒலி திரிந்து "டீ" நிலைத்தது.

நம் "தேயிலை"யிலோ பழைய ஒலி இன்னும் இருக்கிறது. 1929இல் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டம் தொடங்கியதிலிருந்து கொழுந்து பறித்தவர்கள் புழங்கிய சொல் அது.

பிள்ளைகளே, அம்மா "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றால் திருத்தாதீர்கள். வாங்கிக் குடியுங்கள், சொல்லையும் காப்பாற்றுங்கள்.