அலை போன பிறகு வந்த பாட்டு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிவாக்கில் சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது. நாகப்பட்டினக் கரையில் ஒன்பது மணியளவில் கடலே ஊருக்குள் வந்தது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். பின்னாலேயே உலகத்துக் கேமராக்களெல்லாம் வந்து, உடைந்த படகுகளையும் அழுத முகங்களையும் படமெடுத்துக்கொண்டு திரும்பின. அவை எடுக்காமல் விட்ட ஒன்று கரையிலேயே கிடந்தது.

சென்னையில் எர்த்சிங்க் என்றொரு சிறிய இசை நிறுவனம் இருந்தது. என்ன பறிபோனது என்று பிழைத்தவர்களைக் கேட்காமல், என்ன பாடுவார்கள் என்று கேட்கலாமே என்று அங்கே தோன்றியது. துக்க வீட்டில் போய்ப் பாடச் சொல்வதா? துணிச்சலான யோசனைதான். ஆனாலும் இயக்குநர் ஹெரால்டு மான்ஃபில்ஸ் கேமராவோடும், இஸ்ரேலியரான யோதம் ஆகம் ஒலிக்கருவிகளோடும் புறப்பட்டார்கள். இந்தியா, இலங்கை, மாலத்தீவு, தாய்லாந்து, இந்தோனேசியா, மியான்மர் என்று அலை தொட்ட நாடுகளில் ஆறு. கலைஞர்களை ஸ்டூடியோவுக்கு அழைக்காமல், அவரவர் இடத்திலேயே பதிவு செய்தார்கள். ஊர் திரும்பியபோது கையில் இருந்தவை ஒன்றோடொன்று ஒட்டாத குரல்கள், ஒட்டாத தாளங்கள்.

ஆகமும் இசைத் தயாரிப்பாளர் பேட்ரிக் செபாக்கும் அவற்றை அடுக்க உட்கார்ந்தார்கள். ஒரு கரையின் குரலுக்கு இன்னொரு கரையின் வாத்தியம். நேரில் ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள் ஒரே பாட்டுக்குள் சேர்ந்தார்கள். படத்திலோ பின்னணி விளக்கம் என்று ஒரு வார்த்தை கிடையாது. யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனாலும் ‘லயா ப்ராஜெக்ட்’ என்ற பெயரில் வெளிவந்த அந்தப் படமும் இசைத்தட்டும் நாடு நாடாகப் பயணம் போயின. கதை அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் நாகூரில் கேட்ட மூன்று குரல்கள் விடவில்லை.

நாகூர் என்றதும் பாடகர் நாகூர் ஹனிபாவின் கம்பீரக் குரல்தான் காதில் ஒலிக்கும். அங்கே ஷாகுல் ஹமீது ஆண்டவர் தர்காவில், தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் எழுப்பிய 131 அடி மனோராக் கோபுரத்தின் நிழலில், மேடை வெளிச்சம் அதிகம் படாத பாடகர்கள் சிலர் பாடிவந்தார்கள். அப்துல் கனி, அஜா மைதீன், சபுர் மைதீன் பாபா சபீர். ஆறு நாட்டுக் கூட்டத்தில் சில நிமிடங்களே ஒலித்த குரல்கள். அதே குழு மறுபடி அவர்களைத் தேடி வந்தது, இந்தமுறை முழு ஆல்பத்துக்காக.

தர்காவுக்குள் காலங்காலமாகப் பாடப்பட்ட சூஃபிப் பாட்டுகள் புதிய வாத்தியங்களோடு ஒலிப்பதிவாயின. லயா ப்ராஜெக்டில் ஒரு கரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்த காது, இதில்தான் ஒரே ஊரில் நின்று கேட்டது. உலக இசை ரசிகர்கள் இன்று ‘நாகூர் செஷன்ஸ்’ என்று தேடிக் கேட்கும் ஆல்பம் அதுதான்.