இசைவாணர் வரலாறும் உ. வே. சாமிநாதையரும்

தமிழ்நாட்டு இசைவாணர் பலர் தம் பாடல்களை விட்டுச்சென்றனர், வரலாற்றை விட்டுச்சென்றாரல்லர். மாணாக்கர் பாடல்களை வாய்வழியே காத்தனராயினும், அவை பிறந்த இடத்தையும் காரணத்தையும் நாளடைவில் மறந்தனர். காரணம் மறைந்தவிடத்துக் கற்பனை புகுதல் இயல்பு. இக்குறையை ஒருவாறு நீக்கியவர் மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) ஆவர். சீவகசிந்தாமணியை 1887இலும் சிலப்பதிகாரத்தை 1892இலும் பதிப்பித்தவர் என்றே உலகம் அவரைப் பெரிதும் அறியும். கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் என்னும் மூவர் வரலாற்றையும் எழுதியவர் அவரே என்பதைச் சிலரே நினைப்பர்.

ஐயரவர்களின் இசையன்பு குடிவழி வந்தது. அவர்தம் தந்தையார் வேங்கடசுப்பையர் கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடிக் கதை சொல்லி வாழ்ந்தவர். ஆதலின் கிருஷ்ணையருடைய பதங்கள் ஐயரவர்களுக்கு ஏட்டிற் கண்டெடுத்த பொருளல்ல. இல்லத்திற் கேட்டு வளர்ந்த குரலாகும். அப்பதங்களிற் பல உடையார்பாளையம் சமஸ்தானத்தோடு தொடர்புடையன. அவற்றைத் தனித்துக் கேட்போர்க்கு அவை நாயகன்பால் நாயகி கொண்ட காதலாக மட்டுமே தோன்றும். அவை எழுந்த சூழலை ஐயரவர்கள் எடுத்துரைத்தவழி, புரவலரும் பாவலரும் கொண்டிருந்த உறவும் அவ்வுறவில் நேர்ந்த ஊடலும் அவற்றுள்ளே புலனாகின்றன. பாட்டுக்குப் பொருள் கூறுவோர் சொல்லோடு நின்றுவிடலாகாது என்பதற்கு இஃது ஏற்ற சான்றாம்.

அன்பு மிக்கவிடத்து நேர்மை தளர்தல் உண்டு. ஐயரவர்களின் நேர்மை சோதனைக்குட்பட்ட இடம் கோபாலகிருஷ்ண பாரதியார் வரலாறேயாம். பாரதியார் தாம் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சென்றார். அதன்கண் இலக்கண வழுக்கள் இருந்தன; பெரியபுராணத்திற் காணப்படாத வேதியரும் கதையிற் புகுத்தப்பட்டிருந்தார். இவை பிள்ளையவர்களின் புலமைக்கு ஒவ்வாதன. ஆதலின் அவர் காலந் தாழ்த்தினார். ஒருநாள் பாரதியார் திண்ணையிலமர்ந்து அக்கீர்த்தனைகளைத் தம்மை மறந்து பாடினார். உள்ளிருந்து கேட்ட பிள்ளையவர்கள் உளமுருகிப் பாயிரம் அளித்தார்.

இந்நிகழ்ச்சியை எழுதுதல் ஐயரவர்களுக்கு எளிதன்று. பிள்ளையவர்கள் அவர் தெய்வமெனப் போற்றிய ஆசிரியர். பாரதியாரோ மாயூரத்தில் அவர்க்குச் சிலகாலம் இசை கற்பித்தவர். இசையிற் பழகின் இலக்கியத்திற் கருத்துச் செல்லாது என்று பிள்ளையவர்கள் எண்ணியமையால் அப்பயிற்சியும் இடையே நின்றது. ஓர் ஆசிரியரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்தியிருக்கலாம். அன்றி நிகழ்ச்சியையே மறைத்திருக்கலாம். ஐயரவர்கள் இரண்டும் செய்திலர். பாட்டில் வழு உண்டென்பதையும், அப்பாட்டே இலக்கணக் கடலை உருக்கிற்றென்பதையும் ஒருங்கே உரைத்தனர். அதனாற் பாரதியாரின் பத்தி மிளிர்கின்றது. தம் கொள்கையினும் மெய்யுணர்வைப் பெரிதாக மதித்த பிள்ளையவர்களின் பெருமையும் குன்றிற்றில்லை.

மூன்றாமவராகிய மகா வைத்தியநாதையர் (1844–1893) இளமையிலேயே கல்லிடைக்குறிச்சியில், திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் முன்னிலையில் 'மகா' என்னும் பட்டம் பெற்றவர். எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களையும் ஒரே மாலையாகத் தொடுத்தவர். அவர்தம் தமையனார் இராமசாமி சிவன் பெரியபுராணத்தைக் கீர்த்தனைகளாக இயற்றினார். இங்ஙனம் இலக்கியமும் இசையும் ஓரில்லத்தே உடன்பிறந்து வளர்ந்தமை அவ்வரலாற்றால் விளங்கும்.

குரல் காற்றோடு கலந்து மறைவது. ஐயரவர்கள் காலத்து முன்னிருந்த பாடகரின் குரலை இனி எவரும் கேட்டல் இயலாது. எஞ்சுவன சாகித்தியமும், அதனைக் கேட்டோர் கூறிய சான்றுமேயாம். அச்சான்றில் மிகையும் மறைப்பும் புகின், பாடகர் இரண்டாம் முறையும் மறைந்தவராவர். குறையைக் கூறியும் அன்பு குன்றாமல் எழுதலாம் என்பதை ஐயரவர்களின் நூல்கள் காட்டுகின்றன. பாடுவோரும் பாட்டுக்குப் பொருள் உரைப்போரும் அவற்றை ஒருமுறையேனும் கற்றல் கடனாகும்.