தூற்றுதல்

‘தூறு’ என்னும் வினையின் பிறவினையாகிய ‘தூற்று’ என்பதனடியாகப் பிறந்த தொழிற்பெயர் இது; சிதறச்செய்தல் என்னும் மூலப்பொருளினின்றே, நெல்லைக் காற்றில் விட்டுப் பதர் நீக்குதல், பழியைப் பரப்புதல் என்னும் இருபொருளும் கிளைத்தன. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களில் சூடடித்தபின் சுளகேந்தி நெல் தூற்றிப் பழகிய உழவனுக்கு, மத்தேயு சுவிசேஷம் 3ஆம் அதிகாரத்தில் யோவான் ஸ்நானகன் கூறும் தூற்றுக்கூடையும், களஞ்சியஞ் சேரும் கோதுமையும், அக்கினிக்கிரையாகும் பதரும் அந்நியமானவையல்ல. எனினும், களையைப் பிடுங்குகையில் கோதுமையும் வேரோடு வந்துவிடலாகாதென்று கருதி, இரண்டும் அறுப்புவரை வளரட்டுமென வேலைக்காரரைத் தடுக்கும் எஜமானை அதே சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரம் காட்டுகிறது. ஆதலின், அறுப்புக்கு முன்னுள்ள தாமதம் கிருபை, தூற்றுதல் நியாயத்தீர்ப்பு, அத்தீர்ப்பின் நோக்கமும் மணியைக் காப்பதே. மனிதர் மனிதரைத் தூற்றுவதற்கு இவ்விரு அதிகாரங்களிலும் இடமில்லை.