சுவஸ்திகா செய்த குற்றம் என்ன?

கோயில் வாசலில் சுவஸ்திகாவைக் கண்டு நம்மில் யாரும் திடுக்கிடுவதில்லை, நேயர்களே. சிந்துவெளி முத்திரைகளிலேயே அது இருக்கிறது. ஸ்வஸ்தி என்றால் நலம். ஆனால், 1920இல் நாஜிக் கட்சி அதைத் தன் கொடியில் ஏற்றியது. அந்தக் கொடியின் கீழ் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தப் புண் லேசில் ஆறாது.

அமெரிக்காவின் நவஹோ மக்கள், நோய் தீர்க்கும் சடங்குகளில் மணலால் வரைந்த உருவமும் இதுதான். 1940இல் அவர்களும் ஹோப்பி, அப்பாச்சி, பாப்பகோ இனத்தவரும் அரிசோனாவில் கூடி, நாஜிகளின் கொடுமையைக் கண்டித்து, இனி இதைப் பயன்படுத்தமாட்டோம் என்று கையெழுத்திட்டார்கள். திருடியவன் எங்கோ இருக்க, பறிகொடுத்தவர்கள் கைகழுவ வேண்டியதாயிற்று!

2007இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை வேண்டும் என்று ஜெர்மனி சொன்னபோது, பிரிட்டன் இந்துக்கள் எதிர்த்தார்கள்; யோசனை கைவிடப்பட்டது. சிங்கப்பூரில் 1951இல் தொடங்கிய ரெட் சுவஸ்திகா பள்ளி, இன்றும் இந்தப் பெயரில்தான் நடக்கிறது.