‘மலடி’: ஒரு சட்டத் தகுதியின் வரலாறு

“கல்யாணமாகி இத்தன வருஷமாச்சு, வயித்துல ஒரு புழு பூச்சி உண்டாகலியா?” வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் இந்தக் கேள்வி பெண்ணை நோக்கித்தான் வருகிறது. வளைகாப்பு வீட்டில் சந்தனம் பூச அவளைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் அவளே ஓரமாக நின்றுகொள்வாள். இதை ‘அறியாமை’ என்று சொல்லிவிட்டு நகர்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. ‘மலடி’ என்பது உடலின் நிலையை மட்டும் சுட்டும் சொல் அல்ல. சொத்தையும் வாரிசையும் ஒட்டி ஒரு பெண்மீது சுமத்தப்பட்ட சட்டத் தகுதி அது.

எத்தனை வருஷம் பொறுப்பது? மனு கணக்கே வைத்திருக்கிறது. பிள்ளை பெறாதவள் என்றால் எட்டாம் ஆண்டில் வேறு மனைவி கொள்ளலாம். பெற்றதெல்லாம் இறந்துபோனால் பத்தாம் ஆண்டில். பெண்ணாகவே பெற்றால் பதினோராம் ஆண்டில். ஆக, பிரச்சினை கருப்பை அல்ல, ஆண் வாரிசு.

இந்தத் தர்மத்தைப் பிரெஞ்சுக்காரன் கலைக்கவில்லை. ‘சுதந்திரம், சமத்துவம்’ பேசிய அரசு, இங்குள்ளவர்களின் சட்டமும் வழக்கமும் அவரவர்க்கே என்று 1819இல் ஆணையிட்டது. எது வழக்கம் என்று எடுத்துச்சொல்ல 1827இல் உள்ளூர்ப் பெரியமனிதர்களைக் கொண்டு ஓர் ஆலோசனைக் குழுவையும் அமைத்தது. அதில் பெண்ணுக்கு இடமில்லை. வில்லியனூர்த் தேரைப் பிரெஞ்சு கவர்னர் வடம்பிடித்து இழுத்ததை மதநல்லிணக்கம் என்கிறோம். வழக்கத்தை இழுத்துச்செல்ல அரசு கைகொடுத்த காட்சியாகவும் அதை வாசிக்கலாம். 1881 ஆணைப்படி சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்ற ‘ரெனோன்சான்’கள் இரண்டாம் தாரம் கட்ட முடியாது. துறக்காத இந்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

பாகூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: இந்த வரப்பு புதுச்சேரி, அடுத்த வரப்பு கடலூர். இருபுறமும் ஒரே பேச்சு, கொண்டான் கொடுத்தான் உறவு. அந்தப் பக்கம், சென்னை மாகாணத்தில், இந்துக்களின் இருதார மணத்தை 1949ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. இந்தப் பக்கம் 1954இல் பிரெஞ்சு ஆட்சி விலகி, 1962இல் சட்டப்படி இணைப்பும் முடிந்த பிறகே, 1963 அக்டோபர் 1 முதல் இந்து திருமணச் சட்டம் வந்தது. இடையில் பதினான்கு வருஷம். தன் வயிறு திறக்கவில்லை என்பதற்காகச் சக்களத்தி வருவாளா மாட்டாளா என்பது, சட்டத்தைப் பொறுத்தமட்டில், அவள் வரப்பின் எந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டாள் என்பதில் இருந்தது. உடல் ஒன்றுதான், ‘மலடி’ இரண்டு.

சரி, தத்து? பழைய இந்துச் சட்டத்தில் தத்து என்பது ஆணுக்கு மகன் தேடும் சடங்கு. 1956ஆம் ஆண்டுச் சட்டம் மனைவியின் சம்மதத்தைக் கட்டாயமாக்கியது. ஆனால் கணவனோடு வாழும் பெண் தன் பெயரில் தத்தெடுக்க 2010ஆம் ஆண்டுத் திருத்தம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி நம் பக்கம் திரும்புவோம். பெரியார் 1930களிலேயே கர்ப்பத்தடையைப் பெண் விடுதலையோடு சேர்த்துப் பேசினார். புதுச்சேரிக்காரரான பாரதிதாசன் அதைப் பாடினார். பெரிய உடைப்புதான். பிள்ளை வேண்டாம் என்று சொல்ல ஒரு மொழி கிடைத்தது. வேண்டியும் வாய்க்காதவளுக்கு? அவளுக்கென்று எந்தச் சொல்லாடலையும் நாம் உருவாக்கவில்லை. அந்த வெற்றிடத்தில் ஒரு பக்கம் கோயில் தொட்டிலும் மறு பக்கம் தனியார் கருத்தரிப்பு மையத்தின் கட்டணச் சீட்டும் உட்கார்ந்திருக்கின்றன.

ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் கருவுறாமையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. ஏறக்குறையப் பாதித் தம்பதிகளிடம் ஆணின் பங்கும் இருக்கிறது என்பது மருத்துவம் அறிந்த செய்தி. ‘மலடன்’ என்ற சொல்லும் தமிழில் இருக்கிறது. ஊரில் யாரை அப்படிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறோம்? அந்தச் சொல்லையும் புழக்கத்துக்குக் கொண்டுவா என்பதல்ல என் வாதம். அவளிடம் கேட்கப்படும் அந்தக் கேள்வியை, நம் வீடுகளிலிருந்தே, நிறுத்த வேண்டும்.