ஆயாக் கொட்டகையில் தாலாட்டு: தோட்டத்துக் குழந்தைகளைத் தூங்க வைத்தவர்கள்



'தாலாட்டு என்றால் என்ன?' என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "அம்மா குழந்தையைத் தூங்க வைக்கப் பாடுற பாட்டு, டீச்சர்" என்று உடனே பதில் வரும். தேர்வுத்தாளுக்கு அந்த விடை போதும். மலேசியத் தமிழர் வரலாற்றுக்கு அது பாதி விடைதான். ரப்பர் தோட்டத்தில் பகல் நேரத்தில் குழந்தையைத் தூங்க வைத்தவர் பெரும்பாலும் அம்மா இல்லை.

இலக்கியத்தில் தாலாட்டு

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'தால்' என்றால் நாக்கு. நாக்கை ஆட்டி எழுப்பும் ஓசையால் குழந்தையைத் தூங்க வைப்பதால் அது தாலாட்டு. 'ஆராரோ' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு ஆடுவது தெரியும்.

பெரியாழ்வார் யசோதையாகத் தம்மைப் பாவித்துக் கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடினார். குலசேகராழ்வார் இராமனுக்குப் பாடினார். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் தாலப்பருவம் மூன்றாவது. பெரியாழ்வார் பாடலில் தேவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணனுக்குப் பரிசு அனுப்புகிறார்கள். நாட்டுப்புறத் தாலாட்டில் அந்த இடத்தைத் தாய்மாமன் பிடித்துக்கொள்கிறார். சீர் கொண்டு வருபவர் அவர்தான். இந்த ஒப்பீட்டை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரம் வைத்த நேரம்

மலாயாவுக்கு இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டுவர 1907இல் இந்தியக் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறைக்கு முடிவு அறிவிக்கப்பட்டது. பிறகு கங்காணி முறையே முதன்மையானது. ஆண்களோடு பெண்களும் வந்தார்கள், லயத்து வீடுகளில் குடும்பங்கள் பெருகின. பெண்களும் மரம் வெட்டினார்கள்.

இங்கேதான் சிக்கல். மரத்தின் உள்ளே நீரழுத்தம் அதிகாலைக் குளிர்ச்சியில் கூடுதலாக இருக்கும், அப்போது வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறப் பால் குறையும். எனவே பொழுது விடியும் முன்பே பெரட்டுக்குப் போக வேண்டும். குழந்தை அசந்து தூங்கும் அந்த நேரத்தில்தான் தாய் எழுந்து கிளம்பினாள். தூங்குற பிள்ளையைத் துணியில சுத்தி, இருட்டுல தூக்கிக்கிட்டுப் போய், ஆயாகிட்ட விட்டுட்டுத்தான் தீம்பாருக்குப் போகணும். மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துத் திரும்பும் வரை பிள்ளை ஆயாவின் பொறுப்பு.

குழந்தை எப்போது தூங்க வேண்டும், யார் கையில் தூங்க வேண்டும் என்பதை வீடு முடிவு செய்யவில்லை. ரப்பர் மரம் முடிவு செய்தது.

ஆயாவின் வேலை

ஆயாக் கொட்டகை என்பது பெரும்பாலும் பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட ஒரே கூடம். உத்திரத்தில் வரிசையாகத் துணித் தொட்டில்கள் தொங்கும். ஆயா பெரும்பாலும் மரம் வெட்ட முடியாத வயதை எட்டிய பெண். ஒரு தாய் ஒரு தொட்டிலை ஆட்டினாள் என்றால், இவர் பல தொட்டில்களை ஆட்ட வேண்டும். ஒரு குழந்தை அழுதால் பக்கத்துக் குழந்தையும் விழித்துக்கொள்ளும்.

நம் வரலாற்றுப் பாடங்களில் மரம் வெட்டியவர் உண்டு, கங்காணி உண்டு, கிராணி உண்டு. ஆயா எங்கே? அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் அத்தனை தாய்மார்களும் காட்டுக்குப் போயிருக்க முடியாது. தொட்டில் ஆட்டியதும் தோட்டத் தொழில்தான்.

பாட்டுக்கும் இங்கே வேறு பொருள் கிடைத்தது. சீர் கொண்டுவர வேண்டிய தாய்மாமன் பலருக்குக் கடலுக்கு அப்பால் இருந்தார். 1938இல் இந்திய அரசு கூலித் தொழிலாளர் மலாயாவுக்கு வருவதைத் தடை செய்தபின், ஊரிலிருந்து உறவு வந்து சேரும் வழி இன்னும் குறுகியது. வராத மாமனின் பெருமையைத்தான் தொட்டிலுக்குப் பாடினார்கள். குழந்தைக்கு அது தூக்கம். பாடியவருக்கு அது ஊர் நினைப்பு.

இன்று

தோட்டங்கள் பல எண்ணெய்ப்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. துணித் தொட்டில் ஸ்பிரிங் தொட்டிலானது, அதுவும் இப்போது மின்சாரத்தில் ஆடுகிறது. தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லார் வீட்டிலும் ஸ்பிரிங்கில் சாரோங் தொங்குவதைப் பார்க்கலாம். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் சட்டத்தில் குழந்தைக் காப்பகத்துக்கும் இடம் இருக்கிறது. கட்டடம் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. அங்கே பாடிய பாட்டு எந்தச் சட்டத்திலும் இல்லை. முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டி நூலாக்கியதால் கொஞ்சம் தப்பியது. மீதி, பாட்டிமார்களின் நினைவில் இருக்கிறது.

வகுப்பறைக்கு

1. தோட்டத்தில் வளர்ந்த ஒரு மூத்தவரிடம் மாணவர்கள் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: ஆயாக் கொட்டகையில் உங்களைப் பார்த்துக்கொண்டவர் யார்? தொட்டிலை எதில் கட்டினார்கள்? என்ன பாடினார்கள்? கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். சொல்லைத் திருத்தாதீர்கள், கொச்சை வழக்கை அப்படியே எழுதுங்கள்.

2. தேர்வில் தாலாட்டைப் பற்றி எழுதும் மாணவர்கள், யார் பாடினார், எந்த நேரத்தில், ஏன் அவர் பாட நேர்ந்தது என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். விடை அப்போது இலக்கியத்தோடு நிற்காது, வரலாறாகவும் ஆகும்.

பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். அடுத்த விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போகும்போதே கேட்டுவிடுங்கள்.